செந்தூலில் குண்டு விழுந்த இடங்கள்: எந்த வான்படத்துக்குக் காசு கொடுப்பது?

1945 பிப்ரவரியில், ஜப்பானியர் பிடியிலிருந்த கோலாலம்பூரில், அமெரிக்காவின் பி-29 குண்டுவீச்சு விமானங்கள் செந்தூல் ரயில்வே ஒர்க்‌ஷாப்பைத் தாக்கின. மார்ச் 10ஆம் தேதி மறுபடியும் கோலாலம்பூருக்கு வந்தன. அந்த முறை குறி ரயில் யார்டு. பிரிக்பீல்ட்ஸ் பக்கம், டாமன்சாரா சாலையில் இருந்த பழைய சிலாங்கூர் அருங்காட்சியகத்தின் ஒரு சிறகு அன்றுதான் இடிந்தது. இன்றைய தேசிய அருங்காட்சியகம் அதே இடத்தில்தான் நிற்கிறது. அந்த விமானங்கள் கிளம்பியது வங்காளத்தில், கரக்பூரைச் சுற்றியிருந்த தளங்களிலிருந்து. கரக்பூரும் ஒரு ரயில்வே ஊர்தான். இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்து தண்டவாளம் போட்டவர்களின் தலைமேல், இந்தியாவிலிருந்தே சுமார் 2,600 கிலோமீட்டர் பறந்து வந்து குண்டு போட்டார்கள். வரலாற்றுக்கு இந்த மாதிரி விளையாட்டுகள் பிடிக்கும் போல.

நம் குடும்பங்களில் ஜப்பான்காரன் காலம் என்றால் முதலில் வருவது சயாம் மரண ரயில், பர்மாவுக்குத் தண்டவாளம் போட ஜப்பானியர் ஆட்களை இழுத்துப்போன கதை. அது நியாயம்தான், போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை. ஆனால் அந்தப் பெரிய துயரத்தின் நிழலில் செந்தூல் குண்டுவீச்சு பாதி மறந்துபோனது. கோயில் மலருக்கும் பள்ளி நூற்றாண்டு மலருக்கும் கட்டுரை எழுதுகிறவர்கள், ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர்களின் பிள்ளைகள், இப்போது ஒவ்வொருவராகத் தேட ஆரம்பித்திருக்கிறார்கள். குண்டு எங்கெங்கே விழுந்தது, தாத்தா சொன்ன இடம் சரிதானா, வரைபடத்தில் குறிக்க முடியுமா என்று கேட்கிறார்கள். முடியும். விமானத்திலிருந்து எடுத்த வான்படங்கள் இருக்கின்றன. கையில் இருப்பதோ சங்கம் திரட்டிய சில ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்). அதை எந்தப் படத்தில் போடுவது என்பதில்தான் குழப்பம். வரைபட வேலையில் இருப்பவன் என்ற முறையில் என் கணக்கைச் சொல்கிறேன்.

முதலில் எல்லோரும் திறப்பது கூகுள் எர்த். இலவசம், தெளிவு, கைப்பேசியிலேயே பார்த்துவிடலாம். குண்டுக்குழி தேடுவதற்கு மட்டும் அதைத் தொடாதீர்கள். செந்தூல் ஒர்க்‌ஷாப் நிலத்தின் ஒரு பகுதி பிற்பாடு கோல்ஃப் மைதானமாக இருந்தது. இப்போது செந்தூல் பார்க். கேஎல்பேக் நாடக அரங்கு 2005இல் அங்கேயே ஒரு பழைய ரயில்வே கட்டடத்தில் திறக்கப்பட்டது. தண்டவாளத்துக்கு மறுபுறம் அடுக்குமாடிகள். கோல்ஃப் மைதானத்தின் மணல்குழியும் அலங்காரக் குளமும் மேலிருந்து பார்த்தால் குண்டுக்குழி மாதிரியேதான் இருக்கும். தேடுகிறவனின் கண்ணுக்கு வட்டமாக இருப்பதெல்லாம் குண்டுதான்! எண்பது ஆண்டு மழையும் மூன்று தலைமுறைக் கட்டுமானமும் கடந்த நிலத்தில் 1945இன் குழியை இன்றைய படத்தில் தேடுவது வீண்வேலை. கூகுள் எர்த்துக்கு வேறு உபயோகம் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

லைடார் பற்றியும் கேட்கிறார்கள். விமானத்திலிருந்து லேசர் கதிரை வீசி, மரங்களுக்கு அடியில் இருக்கும் தரையின் மேடுபள்ளத்தை அளக்கும் முறை அது. போலந்தின் கோஜ்லே வடிநிலத்தில் 1944இல் அமெரிக்க விமானங்கள் செயற்கை எரிபொருள் ஆலைகளைத் தாக்கியபோது உண்டான குழிகள், காட்டுக்குள் இன்றும் ஆயிரக்கணக்கில் அப்படியே கிடக்கின்றன. லைடார் அவற்றைப் பளிச்சென்று காட்டுகிறது. அங்கே காடு காடாகவே இருந்ததால் அது நடந்தது. செந்தூலில் தரையே மாறிவிட்டது. கூடவே, இங்கே ட்ரோன் விட்டுப் படமெடுக்கவோ அளக்கவோ விமானத்துறை ஆணையத்தின் அனுமதியும் ஜுபெம் என்கிற நில அளவைத் துறையின் அனுமதியும் வேண்டும். அவ்வளவு அலைச்சலுக்குப் பிறகு கிடைக்கப்போவது கார்நிறுத்தும் இடத்தின் துல்லியமான உயர வரைபடம். இதை விட்டுவிடலாம்.

ஆக மிஞ்சுவது பழைய படங்கள்தான். அதில் நான்கு வகை உண்டு: குண்டு போடும்போதே விமானத்திலிருந்து எடுத்த தாக்குதல் படம், அதற்கு முன்னும் பின்னும் உளவு விமானம் எடுத்த படம், போர் முடிந்து பிரிட்டிஷ் விமானப்படை நில அளவைக்காக எடுத்த படம், 1960களின் உளவுச் செயற்கைக்கோள் படம். வாங்கும்போது பெரும்பாலோர் கேட்கும் முதல் கேள்வி, எது தெளிவாக இருக்கும் என்பது. நான் தேதியைத்தான் முதலில் பார்ப்பேன். தாக்குதலுக்கும் படத்துக்கும் நடுவே எத்தனை நாள், அந்த நாட்களில் நிலத்துக்கு என்ன நேர்ந்தது என்பதுதான் படத்தின் மதிப்பைத் தீர்மானிக்கிறது. கொஞ்சம் மங்கலான ஏப்ரல் 1945 படம், கண்ணாடி போன்ற 1955 படத்தைவிட எனக்கு மேல்.

ஏன் என்று கேட்டால் நம் மண்ணைப் பார்க்க வேண்டும். 500 பவுண்டு குண்டு ஒன்று சாதாரண மண்ணில் வெடித்தால் சுமார் 10 மீட்டர் அகலத்தில் குழி விழும். மண் இறுக்கமா, இளக்கமா, குண்டின் ஃபியூஸ் எவ்வளவு தாமதமாக வெடிக்கும்படி வைக்கப்பட்டது என்பதைப் பொறுத்து அது கூடும், குறையும். புதிய குழியைச் சுற்றி வாரியிறைத்த செம்மண், கறுப்பு வெள்ளைப் படத்தில் வெளிர்நிறமாக, நட்சத்திரம் போலக் கதிர்விட்டுத் தெரியும். இதுதான் அதன் முகவரி. ஆனால் கோலாலம்பூரில் ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டருக்கு மேல் மழை. சில மாதத்தில் கதிர்கள் கரைந்துபோகும். குழியில் தண்ணீர் நிற்கும், கரையில் லாலாங் புல் ஏறும். ஓராண்டில் அது சும்மா ஒரு வட்டக் குட்டை. ரயில் யார்டில் இன்னும் மோசம். ரயில் ஓடியாக வேண்டும் என்பதால் ஜப்பானியர் கூலியாட்களை விட்டு உடனுக்குடன் மண்ணைக் கொட்டி மூடிவிடுவார்கள். அப்போது படத்தில் தெரிவது, தண்டவாளங்களுக்கு நடுவே வெளிறிய ஒரு வட்டத் திட்டு மட்டும்தான்.

வட்டக் குட்டை என்றதும் கோலாலம்பூர்க்காரர்களுக்குச் சிரிப்பு வரலாம். ஊரே ஈயக்குட்டைகளின் மேல், அதாவது ஈயம் தோண்டியெடுத்த பள்ளங்களின் மேல் வளர்ந்தது. தித்திவங்சா ஏரியே ஒரு காலத்து ஈயக்குட்டைதான். போதாதற்கு ஊரின் பெரும்பகுதிக்கு அடியில் சுண்ணாம்புக்கல். 2024 ஆகஸ்டில் மஸ்ஜித் இந்தியா சாலையில் நடைபாதை உள்வாங்கியது நினைவிருக்கும். அதனால் ஐரோப்பாவைப் பற்றி எழுதிய கையேடுகளை வைத்துக்கொண்டு இங்கே குழி எண்ண முடியாது. வேறுபடுத்தும் வழிகள் இருக்கின்றன. ஈயக்குட்டை ஒழுங்கற்ற கரையோடு, பக்கத்தில் கழிவு மணல் விசிறி போல் பரந்து கிடக்க, தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலோடு இருக்கும். சுண்ணாம்புக்கல் உள்வாங்கிய குழிக்கு வெளியே வாரியிறைத்த மண் இருக்காது, ஓரம் செங்குத்தாக இறங்கும். சீனக் கல்லறைகள் குதிரைலாடம் போல ஒரு பக்கம் திறந்து, மலைச்சரிவில் கூட்டமாக இருக்கும். பதுங்குகுழி நீளமாக, பெரும்பாலும் வளைந்து வளைந்து போகும்.

குண்டுக்கோ இன்னொரு அடையாளம் உண்டு: அது தனியாக வராது. ஒரு விமானம் குண்டுகளை வரிசையாக உதிர்த்துக்கொண்டே போகிறது. அதனால் குழிகள் ஏறக்குறைய ஒரே இடைவெளியில், ஒரே திசையில் வரிசையாக விழும். அணிவகுத்துப் பறந்தால் இணைகோடுகள் போல வரிசைகள். தனியாக ஒரு வட்டத்தைக் கண்டால் நான் நம்புவதில்லை. நான்கைந்து வட்டங்கள் ஒரு கோட்டில் நின்றால் அருகே போய்ப் பார்ப்பேன். ஜெர்மனியில் வெடிக்காத குண்டுகளைத் தேடுபவர்கள் இதே வரிசையை வேறு விதமாகவும் படிக்கிறார்கள். சீரான இடைவெளியில் போகும் வரிசையில் ஒரு குழி மட்டும் காணவில்லையென்றால், அங்கே குண்டு வெடிக்காமல் மண்ணுக்குள் போயிருக்கலாம் என்று சந்தேகப் புள்ளி வைப்பார்கள்.

இப்போது நான்கு வகைக்கும் வருவோம்.

தாக்குதல் படம் பார்க்கப் பரபரப்பாக இருக்கும். குண்டு காற்றில் விழுந்துகொண்டிருப்பது, கீழே கூரைகள், புகை எழுவது. கண்காட்சிச் சுவருக்கு இதைப் போல ஒன்றும் அமையாது. ஆனால் இடம் குறிக்க இதை நம்பினால் முதல் சில குண்டுகளோடு வேலை நின்றுவிடும். மீதி எல்லாம் புகைக்குள். பக்கத்து விமானத்தின் குண்டு எங்கே போனது என்பது படச்சட்டத்துக்கு வெளியே. அமெரிக்க அரசுப் படங்கள் என்பதால் பதிப்புரிமைத் தொல்லை இல்லை, இணையத்திலேயே சிலது கிடைக்கும். கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இதற்காகப் பணம் செலவழிக்க மாட்டேன்.

உளவுப் படம்தான் என் முதல் தேர்வு. பி-29களோடு எஃப்-13 என்று பெயர் மாற்றிக் கேமரா பொருத்திய அதே ரக விமானங்கள் பறந்தன. தாக்குதலுக்கு முன் குறி தேடவும், பின் சேதத்தைக் கணக்கிடவும். பிரிட்டிஷ் பக்கத்தில் 684ஆவது ஸ்குவாட்ரனின் மொஸ்கிட்டோ விமானங்கள் கல்கத்தாவின் அலிப்பூரிலிருந்தும், 1945இல் கோகோஸ் தீவிலிருந்தும் பறந்தன. இந்தப் படங்கள் செங்குத்தாக, தரையை நேராகக் கீழ்நோக்கி எடுக்கப்பட்டவை. ஒன்றின் பாதிக்கு மேல் அடுத்த படத்தோடு ஒன்றிவரும். அந்த ஒன்றும் பகுதியை, ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு படத்தைக் காட்டும் ஸ்டீரியோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால் தரை எழுந்து நிற்கும், குழி அமிழும். இங்கிலாந்தின் மெட்மென்ஹாமில் போர்க்கால ஆய்வாளர்கள் கண்டுபிடித்ததெல்லாம் இந்த எளிய கருவியால்தான். இன்று கணினித் திரையில் சிவப்பு-நீலக் கண்ணாடி போட்டும் பார்க்கலாம். வாங்கும்போது ஒரு படம் போதாது, அடுத்தடுத்த இரண்டு படம் கேளுங்கள் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான். ஒற்றைப் படத்தில் குழிக்கும் குவியலுக்கும் வித்தியாசம் சொல்ல நிழல் ஒன்றே துணை. காலை வெயிலில் குழியின் கிழக்குச் சுவர் இருண்டிருக்கும், குவியல் என்றால் மேற்குப் பக்கம் இருளும். படத்தைத் திருப்பி நிழல் உங்களை நோக்கி விழும்படி வைத்துப் பாருங்கள். இல்லாவிட்டால் கண் ஏமாற்றி, பள்ளத்தை மேடாகக் காட்டும். நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் நண்பகல் படத்தில் நிழலே சுருங்கிப்போகும். பிற்பகல் என்றால் மேகம். காலைப் படம் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

தெளிவு எவ்வளவு என்பதையும் கணக்குப் போட்டுவிடலாம். 24 அங்குல லென்ஸ், 24,000 அடி உயரம் என்றால் அளவு 1:12,000. அதாவது 10 மீட்டர் குழி ஃபிலிமில் 0.8 மில்லிமீட்டர். அதை 1,200 டிபிஐயில் (அங்குலத்துக்கு 1,200 புள்ளி) ஸ்கேன் செய்தால் ஒரு பிக்சல் தரையில் கால் மீட்டர். குழிக்கு நாற்பது பிக்சல் அகலம், தாராளம். 9 அங்குலத்துக்கு 18 அங்குல ஃபிலிம் என்றால் ஒரே படத்தில் 2.7 கிலோமீட்டருக்கு 5.5 கிலோமீட்டர் அடங்கும். வசமாக அமைந்தால் செந்தூல் ஒர்க்‌ஷாப்பும் பழைய கோலாலம்பூர் ரயில் நிலையமும் ஒரே சட்டத்தில் வந்துவிடும். படம் 1:25,000 என்றால் அதே குழி 0.4 மில்லிமீட்டர், 600 டிபிஐ ஸ்கேனில் பத்துப் பிக்சல் கூட இராது. வட்டம் என்று சொல்லலாம், வேறொன்றும் சொல்ல முடியாது. லென்ஸ், உயரம், தேதி, நேரம் எல்லாம் பெரும்பாலும் படத்தின் ஓரத்திலேயே எழுதியிருக்கும். ஓரத்தை வெட்டிவிட்டு அனுப்பும் ஸ்கேனை ஏற்காதீர்கள்.

இந்தப் படங்கள் இரண்டு இடத்தில் இருக்கின்றன. ஒன்று எடின்பரோவில், ஸ்காட்லாந்து அரசின் கீழ் இயங்கும் தேசிய வான்படத் தொகுப்பு. பிரிட்டிஷ் உளவுப் படங்கள் முன்பு கீல் பல்கலைக்கழகத்தில் இருந்து 2008இல் அங்கே போய்ச் சேர்ந்தன. இன்னொன்று அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகம், மேரிலாந்தில் காலேஜ் பார்க் என்ற ஊரில். எடின்பரோவுக்கு வீட்டிலிருந்தே எழுதிக் கேட்கலாம். அவர்களே தேடி, ஸ்கேன் செய்து அனுப்புவார்கள்; தேடுவதற்கும் படத்துக்கும் கட்டணம், மலரில் அச்சிட்டால் அதற்குத் தனி உரிமைக் கட்டணம். காலேஜ் பார்க்கில் இது நேர்மாறு. படத்தை நீங்களே ஸ்கேன் செய்தால் பணமில்லை, வெளியிடவும் தடையில்லை. ஆனால் நேரில் ஆள் வேண்டும். 373ஆம் எண் ஆவணத் தொகுதியில் தீர்க்கரேகை, அட்சரேகை வாரியாகக் குறிப்புத் தாள்களைப் பார்த்துச் சுருள் எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும். ஃபிலிம் சுருள்கள் கன்சாஸ் மாநிலத்துக் கிடங்கிலிருந்து வர வேண்டும் என்பதால் சில நாள் முன்பே சொல்லி வைக்க வேண்டும். அங்கே பட்டம் படிக்கும் பிள்ளையோ, வேலையிலிருக்கும் மருமகனோ இருந்தால் காலேஜ் பார்க்கே லாபம். மேரிலாந்தில் சொந்தக்காரர் இல்லாத சங்கத்துக்கு எடின்பரோதான். கூலிக்கு ஆய்வாளர் பிடித்தால் செலவு எடின்பரோவைத் தாண்டிவிடும் என்பது என் கணிப்பு.

போருக்குப் பிந்தைய படங்களை இரண்டாவதாக வைக்கிறேன். 684ஆவது ஸ்குவாட்ரன் 1946 செப்டம்பரில் 81ஆவது ஸ்குவாட்ரனாகப் பெயர் மாறி, மலாயாவை அங்குலம் அங்குலமாகப் படம்பிடித்தது. முதலில் வரைபடத்துக்காக, பிறகு 1948இல் தொடங்கிய அவசரகாலத்தில் காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளைத் தேட. பிரிட்டிஷ் விமானப்படையின் கடைசி ஸ்பிட்ஃபயர் விமானக் களப்பறப்பு 1954 ஏப்ரல் 1இல் ஜொகூர் காட்டைப் படமெடுக்கத்தான் நடந்தது. இந்தப் படங்களின் நன்மை, நாடு முழுவதும் ஒழுங்காக, பட்டை பட்டையாக எடுக்கப்பட்டவை. தாக்குதல் நடந்த நாளில் மேகம் மறைத்த இடம் இதில் திறந்திருக்கலாம். குறை, மேலே சொன்ன காலம்தான். 1940களின் இறுதிப் படம் என்றால் ரயில்வே நிலத்தில் மூடாமல் விட்ட குழிகள் குட்டைகளாகத் தெரியும், இடிந்த கொட்டகைகளின் காலி அடித்தளம் தெரியும். 1950களின் நடுவே வந்துவிட்டால் நான் காசு கொடுக்க மாட்டேன். 1945இன் உளவுப் படம் எந்தக் காரணத்தாலும் கிடைக்காவிட்டால் இதை வாங்குங்கள். கிடைத்தாலும், மிச்சப் பணத்தில் இதையும் வாங்கினால் நல்லது. ஒரே இடத்தை இரண்டு தேதியில் பார்ப்பதற்கு இணையில்லை. 1945இல் கதிர்விட்ட வட்டம், 1948இல் அதே புள்ளியில் குட்டை என்றால் யாரும் மறுக்க முடியாது.

சுதந்திரத்துக்குப் பிந்தைய படங்கள் ஜுபெமில் உண்டு. பாதுகாப்பு விதிகளின் கீழ் வருவதால் நோக்கம் எழுதி, அனுமதி பெற்றுத்தான் வாங்க வேண்டும். நம் தேடலுக்கு அவ்வளவு பிந்திய படத்தால் பெரிய பயனில்லை.

உளவுச் செயற்கைக்கோள் படம் ஒரு சுவையான சங்கதி. கொரோனா என்ற பெயரில் அமெரிக்கா 1960 முதல் 1972 வரை எடுத்த படங்கள் 1995இல் ரகசியம் நீக்கப்பட்டன. பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், இது நோய்க்கு முந்தைய கொரோனா. ஏற்கெனவே ஸ்கேன் ஆனவை இலவசம். ஆகாதது ஒரு சட்டத்துக்கு 30 டாலர், மலிவு. கடைசி ரகக் கேமராவில் 1.8 மீட்டர் வரை தெளிவு, அதாவது 10 மீட்டர் குழிக்கு ஐந்தாறு பிக்சல். ரப்பர்த் தோட்டமாகவோ காடாகவோ அப்படியே கிடந்த நிலத்தில் பெரிய குழிக்கூட்டம் தேடுகிறவர்களுக்கு இது போதும். செந்தூலுக்கு 20 ஆண்டு தாமதம், ஐந்து பிக்சல், அதன்மேல் மேகம். 30 டாலர் மிச்சம்.

படம் கைக்கு வந்த பிறகுதான் கூகுள் எர்த்தின் நேரம். பழைய படத்தை இன்றைய வரைபடத்தின்மேல் பொருத்த, இரண்டிலும் மாறாத புள்ளிகள் வேண்டும். கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் இதைச் செய்யலாம். ஆறேழு புள்ளி நன்றாகப் பரவியிருந்தால் போதும். ஆற்றை மட்டும் புள்ளியாக எடுக்காதீர்கள். கிள்ளான், கோம்பாக், பத்து (Batu) என்ற மூன்று ஆறுகளும் வெள்ளத் தடுப்புக்காக நேராக்கப்பட்டு, பல இடத்தில் பழைய தடத்தில் ஓடவில்லை. மஸ்ஜித் ஜாமெக், பழைய ரயில் நிலையத்தின் கோபுரமூலைகள், போருக்கு முந்தைய தேவாலயங்கள், கடைவீட்டு வரிசையின் முனை, இவை உறுதியானவை. கோயில்களில் கவனம்: கும்பாபிஷேகத்துக்குக் கும்பாபிஷேகம் நாம் இடித்துக் கட்டுகிறோம், பழைய மூலை பழைய இடத்தில் இருக்குமென்று நம்ப முடியாது.

தேடும் பரப்பையும் ஒர்க்‌ஷாப் வேலியோடு நிறுத்தாதீர்கள். அருங்காட்சியகம் விழுந்ததே சாட்சி. அன்றைய பிரிக்பீல்ட்ஸ் யார்டு இன்றைய கேஎல் சென்ட்ரல். அங்கிருந்து அருங்காட்சியகம் கூப்பிடு தூரம். வானத்திலிருந்து போடும்போது கூப்பிடு தூரம் ஒன்றுமே இல்லை. குறியைச் சுற்றி ஒரு கிலோமீட்டராவது பாருங்கள். குவார்ட்டர்ஸ், கம்பம் என்கிற கிராமக் குடியிருப்பு, தோட்டம் எல்லாம் அந்த வட்டத்துக்குள்தான் இருந்தன.

பெரியவர்களின் நினைவை எங்கே வைப்பது? அப்போது பத்து வயதில் இருந்தவருக்கு இப்போது தொண்ணூறு. பணம் திரட்டவும் படம் வரவும் காத்திருக்காமல் இதை முதலில் செய்யுங்கள், இதற்குச் செலவும் இல்லை. படத்தை முன்பே காட்டிவிட்டுக் கேட்டால் படத்தில் இருப்பதையே சொல்வார்கள், அது மனித இயல்பு. முதலில் கதையைக் கேட்டு, ‘எந்தப் பக்கம் பாட்டி, கோயிலுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா’ என்று இடம் கேட்டு எழுதிக்கொண்டு, பிறகு படத்தோடு ஒப்பிடுங்கள். நேரம் சொன்னால் ஒரு விஷயம் நினைவில் வேண்டும். ஜப்பானிய ஆட்சியில் இங்கே கடிகாரம் தோக்கியோ நேரத்தில் ஓடியது. உளவுப் படத்தின் ஓரத்திலோ பெரும்பாலும் கிரீன்விச் நேரம். படத்தில் 0400 என்று இருந்தால் பாட்டியின் கடிகாரத்தில் பகல் ஒரு மணி; வெயில் நிழலின் கணக்கில் பதினொன்று கூட ஆகியிருக்காது. இது தெரியாமல் பாட்டிக்கு நினைவு தப்பிவிட்டது என்று சொல்லிவிடாதீர்கள். யார் செத்தது, யார் வீடு போனது என்பதை எந்தக் கேமராவும் எழுதி வைக்கவில்லை. அது அவர்களிடம் மட்டும்தான் இருக்கிறது.

ஒரு எல்லையைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ‘எங்கள் மண்டபம் கட்டும் நிலத்தில் குண்டு இருக்கிறதா?’ என்று கேட்டால், மேலே சொன்ன எந்தப் படமும் இல்லையென்று உத்தரவாதம் தராது. 500 பவுண்டு குண்டின் உடல் 36 சென்டிமீட்டர் அகலம்தான். அது வெடிக்காமல் நுழைந்த ஓட்டை 1:12,000 படத்தில் ஒன்றரைப் பிக்சல். புல்லும் நிழலும் அதை மறைக்கப் போதும். படம் சந்தேகம் எழுப்ப உதவும், சந்தேகம் தீர்க்க உதவாது. ஜெர்மனியில்கூடப் படத்தைப் பார்த்து இடம் குறித்த பிறகு, தரையில், மண்ணுக்குள் இருக்கும் இரும்பைக் காட்டும் காந்தமானி வைத்துத் தேடி, அப்புறம்தான் தோண்டுகிறார்கள். தோண்டும்போது துருப்பிடித்த உருளை எதுவும் தட்டுப்பட்டால் கையை எடுத்துவிட்டு 999ஐ அழைப்பதுதான் வேலை. மீதியைப் போலீஸின் வெடிகுண்டுப் பிரிவு பார்த்துக்கொள்ளும்.

சரி, எடின்பரோவுக்கு எழுதுவதென்று முடிவானால் கடிதத்தில் ‘கோலாலம்பூர் படம் வேண்டும்’ என்று மட்டும் எழுதினால் ஊர் முழுக்கத் தேடிக் கட்டணம் போடுவார்கள். செந்தூல் வடக்கு 3 டிகிரி 11 நிமிடம், கிழக்கு 101 டிகிரி 41 நிமிடம் அளவில் இருக்கிறது. இதை மையமாக வைத்து ஒரு சிறு சதுரம் வரைந்து இணையுங்கள். தேதி வரம்பு 1945 பிப்ரவரி நடுவிலிருந்து ஆகஸ்டு வரை. இரண்டாவது வரம்பாக 1946 முதல் 1949 வரை. ஸ்டீரியோவுக்கு ஒன்றிவரும் ஜோடி வேண்டும், ஓரக் குறிப்புகளோடு 1,200 டிபிஐ ஸ்கேன் வேண்டும், அச்சில் வெளியிட உரிமைக் கட்டணம் எவ்வளவு என்று மூன்றையும் முதல் கடிதத்திலேயே கேளுங்கள். படத்துக்குப் பணம் கட்டும் முன், உங்கள் சதுரத்தின்மேல் மேகம் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். ஒர்க்‌ஷாப் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைப் பஞ்சு மட்டும் இருக்கும் படத்துக்கும் விலை அதேதான்.